கண்ணாடி இழைக்குத் தூங்கக் கற்றுக்கொடுத்த கதை

(1979-இல் வெளியேறிய மின்னணுவியல் – தொடர்பியல் மாணவர் ஒருவர்)

"விடுதி நினைவுகள் மட்டும் வேண்டாம் சார். போன மலரிலேயே பதினோரு பேர் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதிவிட்டார்கள். உங்க துறையிலிருந்து ஒரு சரித்திரம் எழுதிக் கொடுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டுக் கொண்டார்கள். முப்பத்து நான்கு வருடம் தொலைபேசித் துறையில் குப்பை கொட்டியவன் வேறு எதை எழுதுவேன்? சாம்பாரை விட்டுவிடுகிறேன். விடுதி மட்டும் ஓரிரு இடத்தில் எட்டிப் பார்க்கும், பொறுத்தருள்க.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். எங்கள் தெருவில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள் மின்கம்பிமேல் சாய்ந்து, காலையிலேயே கரண்ட் போய்விட்டது. திரும்பி வர நான்கு நாளாயிற்று. அந்த வருடம்தான் நான் வீட்டுச் செம்புக் கம்பி டெலிபோனைச் சரண்டர் செய்துவிட்டு, ஒளியிழை இணைப்பு வாங்கியிருந்தேன். தெருவிலேயே முதல் ஆள் என்ற பெருமை வேறு. சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, பக்கத்தில் சின்ன பேட்டரி. மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை.

இரவு எட்டு மணி வாக்கில் எதிர்வீட்டு மாமி டார்ச் விளக்கோடு ஓடி வந்தார். "மாமாவுக்கு மூச்சு வாங்குது. உங்க வீட்லதானே புது போன் இருக்கு, ஒரு ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கோ." ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். பொட்டுச் சத்தம் இல்லை. அந்த நிமிஷம் எனக்கு இருந்த அவமானத்தை எழுத்தில் சொல்ல முடியாது. கடைசியில் தெருமுனை வீட்டுக்கு ஓடினோம். அங்கே இன்னும் பழைய செம்புக் கம்பி இணைப்பு. எடுத்த உடனே டயல் டோன்! 108-க்குப் பேசி, மரக்கிளைகளைத் தாண்டி வண்டி வந்து சேர ஒன்றரை மணி நேரம். மாமா பிழைத்துக் கொண்டார். அதற்குப் பிறகு நான் மாமி வீட்டுப் பக்கம் கொஞ்ச நாள் தலைநிமிர்ந்து நடக்கவில்லை.

முன்னூறு ரூபாய் பழைய போன் பேசியது. என் புதுப் பெட்டி ஏன் பேசவில்லை? பதில் எனக்குத் தெரியும்தான். ஆனால் அதன் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கிறது என்பது, அதற்கப்புறம் உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது.

டெலிபோன் வந்த புதிதில் ஒவ்வொரு வீட்டிலும் பேட்டரி இருந்தது. பேசுவதற்கு மின்சாரம் வீட்டுப் பேட்டரியிலிருந்து. மறுமுனையைக் கூப்பிட ஒரு கைப்பிடியைச் சுற்ற வேண்டும். வீடு வீடாகப் போய் பேட்டரி மாற்றுவது கம்பெனிகளுக்குப் பெரிய தலைவலி. 1890-களில் அமெரிக்காவில் ஒரு மாற்று வந்தது. பேட்டரியை எல்லாம் எக்ஸ்சேஞ்சிலேயே மொத்தமாக வைத்துவிடு, பேசுகிற அதே இரட்டைக் கம்பி வழியாக மின்சாரத்தையும் அனுப்பு. அதுதான் பொது பேட்டரி முறை. பிற்காலத்தில் உலகம் முழுக்க 48 வோல்ட் என்று நிலைத்துப் போனது. வேலை பார்த்தவர்களுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரி அறையின் அந்த அமில வாடை மறக்காது. ஆள் உயரத்துக்கு வரிசை வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள், பின்கட்டில் டீசல் ஜெனரேட்டர். ஊரே இருண்டாலும் போன் பேசியது இதனால்தான்.

இதில் இன்னொரு அழகு உண்டு. நாங்களே வருடக்கணக்கில் கவனிக்காத அழகு. ரிசீவர் கீழே இருக்கும் வரை சர்க்யூட் திறந்து கிடக்கும்; நேர் மின்னோட்டம் கிட்டத்தட்ட சுத்தமாக இல்லை. மணி மட்டும் ஒரு கண்டென்சருக்குப் பின்னால் காத்திருக்கும். அழைப்பு வரும்போது எக்ஸ்சேஞ்ச் எழுபது, எண்பது வோல்ட்டுக்கு மாறுமின்னழுத்தம் அனுப்பும்; அது கண்டென்சரைத் தாண்டிப் போய் மணியை அடிக்கும். யாராவது எடுத்தால் மின்னோட்டம் பாயும், எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிந்துவிடும். அதாவது நாள் முழுக்கத் தூங்குகிற கருவி. தூங்கும்போது செலவே இல்லை. ஆனால் கூப்பிட்டால் அந்த நொடியே எழுந்துவிடும். இதற்கு யாரும் 'ஸ்லீப் மோட்' என்று பெயர் வைக்கவில்லை. கேட்காமலே கிடைத்த வரம்.

அந்த வரத்தைத்தான் கண்ணாடி இழை பறித்துக் கொண்டது.

கண்ணாடி இழையின் சரித்திரம் உங்களில் பலருக்குப் பாடமாகவே வந்திருக்கும், ஓடிவிடுகிறேன். 1966-இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகர ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் இருவரும், கிலோமீட்டருக்கு இழப்பு 20 டெசிபலுக்குக் கீழே வந்தால் கண்ணாடி வழியாகவே செய்தி அனுப்பலாம் என்று எழுதினார்கள். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அந்தக் கோட்டைத் தாண்டிக் காட்டினார்கள். காவுக்கு 2009-இல் நோபல் பரிசு. நடுவில் நாற்பது சொச்சம் வருடம். பரிசு தாமதமாகிறதே என்று அங்கலாய்க்கும் ஆராய்ச்சி மாணவர்கள் கவனிக்க!

ஊருக்கு ஊர் இழை போடுவது சுலபமாக நடந்தது. வீட்டுக்கு வீடு போடுவதுதான் கட்டுப்படியாகவில்லை. அதற்கு 1980-களின் இறுதியில் பிரிட்டிஷ் டெலிகாம் ஆய்வாளர்கள் முன்வைத்த வழி இன்று வரை நிற்கிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரே இழை கிளம்பும். தெருவில் ஸ்ப்ளிட்டர் என்ற சின்னக் கண்ணாடிச் சாதனம் அந்த ஒளியை முப்பத்திரண்டு வீட்டுக்கோ அறுபத்து நான்கு வீட்டுக்கோ பிரித்துக் கொடுக்கும். ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே வேண்டாம். அதனால்தான் 'பாஸிவ்' ஆப்டிகல் நெட்வொர்க், சுருக்கமாகப் 'பான்' என்று பெயர். 1995-இல் சில நாடுகளின் தொலைபேசி நிறுவனங்கள் கூடிப் பொதுவான வரையறை தேடின. 1998-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் முதல் தரநிலை வந்தது. 2004 வாக்கில் ஈ-பான், ஜி-பான் என்று இரண்டு குடும்பங்கள். இன்று நம் வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் ஜி-பான்தான். கீழ்நோக்கி நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட், மேல்நோக்கி அதில் பாதி.

தெருவில் மின்சாரம் வேண்டாம் என்று எல்லாரும் மார்தட்டிக் கொண்டார்கள். உண்மைதான். ஆனால் கண்ணாடியில் மின்சாரம் பாயாது அல்லவா? வீட்டுப் பெட்டிக்கு மின்சாரம் வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும், அதற்கொரு பேட்டரியும் வீட்டிலேயே வைக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சுக்குக் குடிபோன பேட்டரி, நூறு வருடம் கழித்து மூட்டை முடிச்சோடு வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. கூடவே மின்கட்டணமும்.

சரி, அந்தப் பெட்டியும் பழைய போன் மாதிரி சும்மா இருக்கும்போது தூங்க வேண்டியதுதானே? முடியாது. ஏன் என்பதற்குத்தான் விடுதி வருகிறது.

நம் விடுதியில் தபால் எப்படி வரும் என்று பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். தபால்காரர் மொத்தக் கட்டையும் மெஸ் வாசல் மேசையில் கொட்டிவிட்டுப் போய்விடுவார். நூற்றிருபது பேரும் ஒவ்வொரு கடிதமாகப் புரட்டி, தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாததைத் தள்ளிவிட வேண்டும். வீட்டிலிருந்து மணியார்டர் வராதா என்று தினமும் எல்லாக் கடிதத்தையும் புரட்டியவன் நான். பான் வலையமைப்பும் அப்படியே. எக்ஸ்சேஞ்சில் உள்ள தலைமைக் கருவி, ஓ.எல்.டி. என்பார்கள், அனுப்புகிற ஒவ்வொரு பிட்டும் அந்த இழையில் உள்ள எல்லா வீடுகளுக்கும் போகிறது. வீட்டுப் பெட்டி, அதாவது ஓ.என்.யு., 2.5 கிகாபிட் வேகத்தில் அத்தனையையும் வாங்கிப் பிரித்து, தன்னுடையதல்லாததைக் குப்பையில் போடுகிறது. நடுராத்திரி மூன்று மணிக்கு வீட்டில் எல்லாரும் உறங்கும்போதும் அது அடுத்த வீட்டுக்காரன் சினிமாவைப் பிரித்துப் பார்த்துத் தள்ளிக் கொண்டிருக்கும்.

மேல்நோக்கிப் பேசுவது இன்னும் சிக்கல். எல்லா வீடும் ஒரே இழையில் பேசுவதால் முறை வைத்துத்தான் பேச வேண்டும். 125 மைக்ரோ நொடிக்கு ஒரு சட்டகம். அதற்குள் இன்ன வீட்டுக்கு இன்ன நேரம் என்று ஓ.எல்.டி. பட்டியல் போடும். ஒவ்வொரு வீடும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, அதற்கேற்ப அவை முந்திப் பிந்திப் பேசவேண்டும். கடிகாரம் பிசகினால் பக்கத்து வீட்டுப் பேச்சின்மேல் போய் மோதும். அயர்ந்து தூங்கி எழுந்த பெட்டிக்கு லேசரைத் தயார் செய்து, கடிகாரத்தை மறுபடி பிடிக்கச் சில மில்லி நொடிகள் ஆகும். நமக்கு அது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. ஐந்து மில்லி நொடி என்றாலும் பெட்டிக்கு நாற்பது சட்டகம் போய்விட்டது!

ஒரு பெட்டிக்கு ஐந்து வாட் என்று வைத்துக் கொள்வோம். வருடத்துக்கு 44 யூனிட். ஒரு வீட்டுக்கு இது சுண்டைக்காய். ஒரு கோடி வீட்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். இரவும் பகலும் 50 மெகாவாட். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ராட்னி டக்கர் குழுவினர் 2009 வாக்கில் இன்டர்நெட்டின் மின்கணக்கைப் போட்டபோது, பெரிய ரௌட்டர்களைவிட வீட்டோரக் கருவிகளே அதிகம் தின்கின்றன என்று காட்டினார்கள். எண்ணிக்கை அப்படி, அதிலும் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கிற எண்ணிக்கை.

தூங்க வைக்கலாம் என்ற யோசனையை முன்னெடுத்தவர்களில் இருவர் நம் நாட்டுப் பெயர் கொண்டவர்கள் என்பதில் எனக்கொரு சின்ன சந்தோஷம். அமெரிக்காவின் போர்ட்லேண்ட் அரசுப் பல்கலைக்கழகத்தின் மாருதி குப்தாவும் சுரேஷ் சிங்கும் 2003-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த சிக்காம் மாநாட்டில், இன்டர்நெட் கருவிகளைச் சும்மா இருக்கும்போது தூங்க வைத்தால் என்ன என்று கேட்டுக் கட்டுரை படித்தார்கள். அதுவரை வேகம், வேகம் என்றே பேசிக் கொண்டிருந்த துறை அது. ஐரோப்பிய ஆணையம் 2006-இல் அகன்ற அலைவரிசைக் கருவிகளுக்கு விருப்பத்தின்பேரில் ஏற்கும் ஒரு மின்செலவு நெறிமுறையைக் கொண்டு வந்தது.

ஆனால் ஒளியிழைப் பெட்டியில் இது நுழைந்த வாசல் வேறு. சுற்றுச்சூழலைவிட முன்னால் அங்கே நின்றது பேட்டரி. கரண்ட் போனால் டி.வி., கம்ப்யூட்டர் வாசல்களை அணைத்துவிட்டு டெலிபோன் வாசலை மட்டும் உயிரோடு வைப்பது ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அது போதவில்லை. 2009 மே மாதத்தில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஜி-பான் மின்சேமிப்பு பற்றி ஒரு துணை ஆவணம் வெளியிட்டது. அதில் அணைப்பு முறையோடு மூன்று வகைத் தூக்கம் பேசப்பட்டது. அந்தக் கலைச்சொற்களைவிட நம் பாஷையில் சொன்னால் சட்டென்று விளங்கும்.

ஒன்று கோழித் தூக்கம். வாய் மட்டும் மூடியிருக்கும், காது திறந்திருக்கும். லேசர் அணைந்திருக்கும், ரிசீவர் வேலை செய்யும். கூப்பிட்டால் உடனே எழும், மிச்சம் குறைவு. இரண்டாவது கும்பகர்ணத் தூக்கம். வாயும் காதும் மூடல். அருமையான மிச்சம், ஆனால் வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் கேட்காது. வீட்டுக்காரரே எழுப்பினால்தான் உண்டு. மூன்றாவது, இரண்டையும் கலந்த விட்டுவிட்டுத் தூக்கம். சில பத்து மில்லி நொடி அயர்வது, எழுந்து "எனக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்பது, இல்லையென்றால் மறுபடி அயர்வது. அதே 2009-இல் ஸ்டான்ஃபோர்டின் லியோனிட் கஸோவ்ஸ்கி குழுவினர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே தூக்கத்தின் 'சாதகங்களும் பாதகங்களும்' இருந்தன. எழும் நேரமே மிச்சத்தைத் தின்றுவிடுகிறது என்பது அவர்கள் கவலை. ஜப்பானில் என்.டி.டி. ஆய்வாளர்கள் 2010-இல், தூக்கத்தோடு வேகத்தையும் பத்து கிகாவுக்கும் ஒரு கிகாவுக்கும் இடையே மாற்றிக் காட்டினார்கள்.

2010 அக்டோபரில் அடுத்த தலைமுறையான எக்ஸ்.ஜி.-பான் தரநிலையில் கோழித் தூக்கமும் விட்டுவிட்டுத் தூக்கமும் சட்டமாகவே ஏறின. நடைமுறை நம் வார்டன் அவுட்-பாஸ் போல. (விடுதி இரண்டாம் முறை வந்துவிட்டது.) முதலில் ஓ.எல்.டி. "தூங்கலாம்" என்று அனுமதி கொடுக்கும். அனுமதி இருந்தாலும் எப்போது என்பது பெட்டியின் முடிவு. தூங்கப் போகும்போது சொல்லிவிட்டுப் போக வேண்டும். தூங்கும்போது வீட்டில் யாராவது ரிசீவரை எடுத்தால் அந்த உள்குரலில் எழுந்துவிடும். வெளியிலிருந்து அழைப்பு வந்தால் ஓ.எல்.டி. நேரப் பட்டியலில் ஒரே ஒரு பிட்டை மாற்றி வைக்கும். பெட்டி அடுத்த முறை கண் திறக்கும்போது அதைப் பார்த்து எழும். அதுவரை வந்த செய்தியை ஓ.எல்.டி. தன்னிடம் சேர்த்து வைத்திருக்க வேண்டும். 100 மெகாபிட் வேகத்தில் வரும் செய்திக்கு 50 மில்லி நொடி தூக்கம் என்றால் 625 கிலோபைட். இது ஒரு வீட்டுக்கு. டெலிபோன் பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருந்தால் நல்லது என்பது பழைய விதி. அதில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கத்துக்கே கொடுத்தால் மீதிக்கு என்ன செய்வது? எனவே பேசிக் கொண்டிருக்கும்போது தூக்கம் கிடையாது. சும்மா இருக்கும்போது மட்டும்.

2014-இல் இந்த இரண்டையும் ஒன்றாக்கி 'விழிப்பான தூக்கம்' என்று ஒரு முறை தரநிலையில் சேர்ந்தது. முன்பெல்லாம் கண் திறக்கும்போது பெட்டி முழுசாக எழுந்து, லேசரையும் போட்டு, ஓ.எல்.டி.யிடம் ஆஜர் சொல்லிவிட்டுத்தான் திரும்பப் படுக்க வேண்டும். புதிய முறையில் ரிசீவரை மட்டும் கொஞ்சம் திறந்து, அந்த ஒரு பிட்டு மாறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். மாறவில்லையா, வாய் திறக்காமலே படுத்துவிடலாம். மணிக்குப் பின்னால் ஒரு கண்டென்சர் செய்த வேலையைச் செய்ய, இவ்வளவு பெரிய மூளைகளும் இத்தனை பக்கத் தரநிலைகளும் தேவைப்பட்டிருக்கின்றன!

தபால் மேசையையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. பெல் ஆய்வுக்கூடம் முன்னின்று 2010-இல் தொடங்கிய 'கிரீன்டச்' கூட்டமைப்பு 2012-இல் ஒரு மாதிரியைக் காட்டியது. கடிதக் கட்டில் ஒவ்வொரு பிட்டையும் வரிசை மாற்றிக் கோத்து, "உன்னுடையது இத்தனையாவது, இத்தனையாவது மட்டும்தான்" என்று சொல்லிவிடுவது. பெட்டி மற்றதைத் தொடவே வேண்டாம். மெதுவான கடிகாரத்தோடு வேலை செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. ஆனால் பழைய சட்டக அமைப்போடு ஒத்துப் போகாததால் தெருவுக்கு வரவில்லை. கூட்டமைப்பும் 2015-இல் தன் வேலையை முடித்துக் கொண்டது.

சரி, சட்டம் வந்து இத்தனை வருடம் ஆயிற்றே, நம் பெட்டிகள் தூங்குகின்றனவா? பரவலாக இல்லை என்பதே என் அனுபவம். காரணம் லேசரிலும் கடிகாரத்திலும் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. பெட்டியின் மின்கட்டணம் வீட்டுக்காரருடையது. அதைத் தூங்க விடும் அனுமதி கம்பெனியுடையது. தூக்கத்தால் ஒரு புகார் வந்தாலும், "சார், ரிங் வரலே" என்று ஒரு போன் வந்தாலும், நஷ்டம் கம்பெனிக்கு. மிச்சமாகும் பணம் ஒரு பைசாகூட அவர்களுக்கு வராது. ஒரு கம்பெனியின் ஓ.எல்.டி.யும் இன்னொருவர் செய்த பெட்டியும் தூக்க விஷயத்தில் ஒத்துப் போகுமா என்ற பயம் வேறு. நானே பணியில் இருந்திருந்தால் "எதுக்கு வம்பு, அணைச்சே வை" என்றுதான் கையெழுத்துப் போட்டிருப்பேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வர்தா இரவை வைத்துப் பாருங்கள், கணக்கு மாறும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 84 வாட்-மணி. ஐந்து வாட் பெட்டி ஏட்டுக் கணக்கில் பதினாறு மணி நேரம் ஓடும். தூங்கித் தூங்கிச் சராசரி ஒன்றரை வாட்டுக்கு இறங்கினால் ஐம்பத்தாறு மணி நேரம். நடைமுறையில் இரண்டும் குறையும். என் பேட்டரி சின்னது, கிழடு வேறு. ஆனாலும் மதியம் செத்த போன் ராத்திரி எட்டு மணிக்கு உயிரோடு இருந்திருக்கும். அமெரிக்க ஃபெடரல் தகவல் தொடர்பு ஆணையம் 2015 ஆகஸ்டில், இப்படிப்பட்ட வீட்டு இணைப்புகளுக்கு எட்டு மணி நேரம் தாங்கும் பேட்டரியையும், பின்பு இருபத்து நான்கு மணி நேரம் தாங்குவதையும், கேட்பவர்களுக்கு விற்றாக வேண்டும் என்று உத்தரவிட்டது. வாங்குவது வீட்டுக்காரர் செலவு! நம் நாட்டில் 2011-இல் ஒப்புதல் பெற்று, பிறகு பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டத்திலும் கிராமப் பஞ்சாயத்துகளுக்குப் போவது பெரும்பாலும் ஜி-பான்தான். பஞ்சாயத்து அலுவலகத்தில் கரண்ட் எப்படி என்பதை, ஊர்ப்பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சென்ற வருடம் என் வீட்டுப் பெட்டியைப் பழுது பார்க்க ஒரு பையன் வந்தான். பேச்சுக் கொடுத்தால் நம் கல்லூரி, நம் பிரிவு! எனக்கு நாற்பது வருடம் ஜூனியர். "ஏம்பா, இதுல ஸ்லீப் மோட் ஆன் பண்ணியிருக்கா?" என்றேன். லேப்டாப்பைத் திறந்து எதையோ தேடினான். "இருக்கு சார். ஆனா டீஃபால்ட்ல ஆஃப். நாங்க தொட மாட்டோம்."

அவனைச் சும்மா விடவில்லை. 2014 தரநிலையைப் பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினேன். இப்போது அவன் பெங்களூரில் ஒரு கருவிச் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறான். போன மாதம் போனில் பேசினான். ஓய்வு நேரத்தில் பழைய ஓ.எல்.டி. ஒன்றும் இரண்டு பெட்டியும் வைத்துச் சோதித்துப் பார்த்தானாம். தூக்க நேரத்தை நீட்டினால் முதல் ரிங் லேசாகத் தாமதிக்கிறது, குறைத்தால் சரியாக வருகிறது, ஆனால் இரண்டு பெட்டியில் ஒன்று அனுமதி கொடுத்தாலும் தூங்க மறுக்கிறது என்றான். "ஏன் சார்னு இன்னும் புடிபடலே."

சந்திப்பு நாளன்று அந்தத் தூங்காத பெட்டியைக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். தெருமுனை வீட்டிலும் போன வருடம் ஒளியிழைக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் வேண்டாமென்று போட்ட அந்தப் பழைய டெலிபோன் என்னிடம்தான் இருக்கிறது. அதை நான் எடுத்து வருகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மின்னணுவியல் ஆய்வுக்கூடத்தில் இருப்போம். கழற்றிப் பார்க்க ஆசை உள்ளவர்கள் வரலாம்.